குரோமியம்-6: வலி காட்டாத நஞ்சு

இரண்டு வடிவங்கள்

பாறையிலும் மண்ணிலும் உள்ள குரோமியம் பெரும்பாலும் குரோமியம்-3 என்ற வடிவில் இருக்கிறது. உணவிலும் இது சிறிதளவு உண்டு. உடலில் எளிதில் சேராது. குரோமைட் தாதுவை உலையில் வறுத்து டைகுரோமேட் உப்பாக்கும்போது கிடைப்பதுதான் நச்சுத்தன்மை மிகுந்த குரோமியம்-6. முலாம் பூசும் பட்டறைகள், மஞ்சள் நிறமி ஆலைகள், துருத்தடுப்புப் பூச்சு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங் புகை ஆகியவற்றில் தொழிலாளர்கள் இதை எதிர்கொள்கிறார்கள். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட் குரோமியம்-3 வகைதான். ஆனால் அது குரோமியம்-6 உப்பிலிருந்தே தயாராகிறது.

உடலுக்குள் நுழையும் விதம்

குரோமேட்டின் மூலக்கூறு வடிவம் சல்பேட்டை ஒத்தது. அதனால் சல்பேட் செல்லும் வழியாகவே அது உயிரணுவுக்குள் புகுந்துவிடுகிறது. உள்ளே குரோமியம்-3 ஆக மாறும் வேளையில் மரபணு இழைகளைச் சிதைக்கிறது. விழுங்கப்பட்டதில் பெரும்பகுதியை இரைப்பை அமிலம் குரோமியம்-3 ஆக்கிவிடும். மூச்சுக்காற்றோடு நுரையீரலை அடைவதற்கு அத்தகைய தடுப்பு இல்லை.

கையும் மூக்கும்

குரோமிய முலாம் பூசும் தொட்டியில் மின்சாரத்தின் பெரும்பகுதி வாயுக்களை உண்டாக்குவதிலேயே செலவாகிறது. அந்தக் குமிழிகள் ஓயாமல் மேலே வந்து வெடிக்க, செந்நிற அமிலம் நுண்திவலைகளாகத் தொட்டிக்கு மேலே மிதக்கிறது. தொட்டியோரம் நிற்பவரின் விரல் முட்டியிலோ நகக்கண்ணிலோ சிறு கீறல் இருந்தால் அங்கே அமிலம் தங்கிவிடும். விளிம்பு தடித்து, நடுவில் குழிந்த வட்டமான புண் உருவாகும். குரோம் புண் எனப்படும் இது பெரும்பாலும் வலிப்பதில்லை; ஆற வாரக்கணக்கில் ஆகும்; ஆறியபின் தழும்பு நிற்கும்.

மூக்கிலும் இதே கதைதான். இரு துளைகளுக்கும் நடுவே உள்ள சுவர் குருத்தெலும்பால் ஆனது. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. அமிலத் திவலை படிந்தும், அமிலம் பட்ட விரலால் மூக்கைத் தொட்டும் அந்தச் சுவர் அரிக்கப்படுகிறது. முதலில் மூக்கொழுகல், பிறகு பொருக்கு, இரத்தக் கசிவு, கடைசியில் ஓட்டை. மூச்சு விடும்போது விசில் போன்ற ஒலி கேட்ட பிறகே சிலருக்கு அது தெரியவருகிறது. வலி இல்லாததால் பலர் மருத்துவரிடம் போவதில்லை. இந்த நோயின் பெரிய ஆபத்தே அதுதான்.

சிமெண்டிலும் குரோமியம்-6 சிறிதளவு இருப்பதால் கொத்தனார்களின் கைகளில் ஒவ்வாமைப் படை வருகிறது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் அது ஆயுளுக்கும் தொடரக்கூடும். ஐரோப்பிய நாடுகள் 2005 முதல் சிமெண்டில் இதன் அளவைக் கிலோவுக்கு 2 மில்லிகிராமாகக் கட்டுப்படுத்தியுள்ளன.

நுரையீரல்

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-இல் குரோமியம்-6 சேர்மங்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என வகைப்படுத்தியது. நுரையீரல் புற்றுநோய்க்கான சான்று வலுவானது. வேலைக்குச் சேர்ந்து இருபது ஆண்டு கழிந்தபின்னும் அது வெளிப்படலாம். சிலருக்குத் தொழில்சார் ஆஸ்துமாவும் வருகிறது.

குடிநீரில் கலந்தால்

ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை, 2 லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுச்சென்றது. மழைநீர் அதில் ஊறி நிலத்தடி நீரில் கலந்தது. ஆலை நின்றாலும் கழிவு கிடக்கும்வரை நஞ்சு இறங்கிக்கொண்டே இருக்கும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர வரம்பு. நீர் மஞ்சளாகத் தெரிகிறதென்றால் வரம்பு எப்போதோ கடந்துவிட்டது. தெளிவாகத் தெரிவதாலும் பாதுகாப்பானது ஆகிவிடாது. கொதிக்கவைப்பதால் குரோமியம் நீங்காது. நீர் பாதுகாப்பானதா என்று அறிய ஆய்வகச் சோதனை ஒன்றே வழி.

தடுப்பும் பரிசோதனையும்

உடலில் சேர்ந்த குரோமியத்தை முறிக்கும் தனி மருந்து எதுவும் இல்லை. எனவே தொட்டி விளிம்பிலேயே திவலையை உறிஞ்சும் காற்றுப்போக்கிதான் முதல் தேவை. கையுறையும் முகக்கவசமும் அதற்கு அடுத்தவையே. அமெரிக்கா 2006-இல் பணியிடக் காற்றுக்கான வரம்பை எட்டு மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. பணிநேர முடிவில் எடுக்கும் சிறுநீரில் குரோமிய அளவைப் பார்ப்பது அண்மைய பாதிப்பைக் காட்டும். கைகளையும் மூக்கின் உட்புறத்தையும் முறையாகப் பரிசோதிப்பதற்கு அதிகச் செலவே இல்லை. அதைத் தவிர்ப்பதற்கு எந்தப் பட்டறையும் காரணம் சொல்ல முடியாது.

குரோமியத் தொட்டியருகே வேலை பார்த்தவர்கள், அந்த வேலையை விட்டு எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், இருமலுக்கோ மூக்கில் இரத்தக் கசிவுக்கோ மருத்துவரிடம் போகும்போது அந்தப் பழைய வேலையைத் தவறாமல் சொல்ல வேண்டும்.