சொட்டு மருந்துக்கு முன் ஒரு கேள்வி

கொல்லிமலையின் தேவனூர் நாட்டிலிருந்து என்னிடம் சிகிச்சைக்கு வரும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் இப்போதெல்லாம் ஒரே குறைகளைத்தான் சொல்கிறார்கள்: கண் எரிச்சல், பின்கழுத்து வலி, விடியவிடியத் தூக்கமில்லை. மருத்துவமனையை எட்டிப் பார்க்கவே பல மாதம் ஆகிவிடுகிறது. அதற்குள் மெடிக்கலில் கேட்டு வாங்கியதெல்லாம் தின்று தீர்த்திருப்பார்கள். “எவ்வளவு நேரம்பா போன் பாக்குறே?” என்றால் வாய் திறப்பதில்லை. “எதுக்குப் பாக்குறே?” என்றால் பேசுகிறார்கள்.

காரணம் மாறிய கதை

2020இல் கொரோனாவால் பள்ளி, கல்லூரி மூடியபோது, பாடத்துக்காகச் சிக்னல் தேடி அலைந்த தலைமுறை இது. பிறகு திருப்பூருக்கும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் வேலைக்குப் போனபோது வீட்டோடு பேச, காசு அனுப்பப் போன் வேண்டியிருந்தது. இதில் எந்தத் தப்பும் இல்லை. வேலையில்லாமல் மலைக்குத் திரும்பிய இரவுகளில் அதுவே பொழுதுபோக்கானது. அப்புறம் மனக்கஷ்டத்தை மறக்க. இப்போது காரணமே இல்லாமல் கை அதைத் தேடுகிறது. தூக்கம் கெடுவது இங்கேதான்.

கண்ணில் எதையும் ஊற்றாதீர்கள்

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம், கிருமி தொற்றும். திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் காய்கிறது, அவ்வளவுதான். சீட்டில்லாமல் வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் எரிச்சல் உடனே அடங்கும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை போகலாம், போன பார்வை திரும்பாது. எத்தனை முறை சொல்வது!

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குக் காசைக் கொட்டாதீர்கள். அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் 2023இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. “இருட்டில் பார்த்தால் குருடாகிவிடும்” என்று பிள்ளைகளை மிரட்டுவதும் பொய். கழுத்து வலிக்குத் தினமும் வலி மாத்திரை போட்டால் வயிறும் சிறுநீரகமும் பாழாகும். தூக்க மாத்திரையை அடுத்தவரிடம் கடன் வாங்கி விழுங்குவதை என்னவென்று சொல்ல?

பரிசோதனை

கண் பார்வை, கண் அழுத்தம், ரத்தச்சோகை பார்த்தால் பெரும்பாலும் போதும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

இருபது நிமிடத்துக்கொரு முறை தலையைத் தூக்கி, எதிரே தெரியும் மலையைப் பாருங்கள். படுக்கும்போது போனை வேறு அறையில் வையுங்கள். பெற்றோரே, பிடுங்கி உடைக்காதீர்கள். எதை மறக்க அதைப் பார்க்கிறான், பார்க்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போனில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை 2025இல் மத்திய அரசு சட்டம் போட்டே தடுத்திருக்கிறது. அதில் தோற்றவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், தயவுசெய்து வாருங்கள். மலையிறங்க முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். காசில்லை, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.