தமிழுக்கு எத்தனை எழுத்து?

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் மடக்கிச் சொல்லிவிடும்: த, மி, ழ். மூன்று. ஐம்பது வயதுக்கு மேல் பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொள்ள உட்கார்ந்த நான் அதே கேள்வியைக் கணினியிடம் கேட்டேன். நீளத்தைச் சொல்லும் ‘லென்’ கட்டளைக்குள் அந்தச் சொல்லைக் கொடுத்து என்டர் தட்டினேன். வந்த விடை: 5.

அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் 5. சரி, சொல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்போம் என்று கேட்டால், ‘ழ்மித’ வர வேண்டிய இடத்தில் ‘◌்ழிமத’ என்று வந்து நின்றது. முன்னால் ஒரு வெற்று வட்டம், அதன் தலையில் ஆதரவற்ற ஒரு புள்ளி. மகரத்தோடு இருந்த இகரக் குறி ழகரத்துக்குத் தாவியிருந்தது.

“கணக்கு தப்பா வருதே” என்றேன், எனக்குப் பாடம் சொல்லித்தரும் அக்கா மகளிடம்.

“கணக்கு சரிதான் மாமா. அதுகிட்ட இருக்கிறதை அது எண்ணுது. நீங்க மனசுல இருக்கிறதை எண்ணுறீங்க” என்றாள்.

அவள் சொன்னது விளங்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழும் அதில் இருந்தது. தமிழுக்கென ஒதுக்கிய இடங்கள் 128. நம் எழுத்துகளோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247. ஆகவே ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் இல்லை. க, ங, ச போன்ற அகரமேறிய எழுத்துகளுக்கும், உயிர்க்குறிகளுக்கும், புள்ளிக்கும் எண் உண்டு. ‘மி’ வேண்டுமென்றால் மகரத்தை வைத்து அடுத்து இகரக் குறியை வைக்க வேண்டும். ‘ழ்’ வேண்டுமென்றால் ழகரம், அடுத்து புள்ளி. இப்படி த, ம, ி, ழ, ் என்று ஐந்து மணி கோத்த சரம்தான் கணினியிடம் இருக்கும் ‘தமிழ்’. திருப்பச் சொன்னால் அது மணி மணியாகத் திருப்புகிறது. கடைசியில் இருந்த புள்ளி முதலுக்கு வந்துவிடுகிறது. ஏறி உட்கார எழுத்தில்லாத புள்ளிக்குத் திரை ஒரு வெற்று வட்டத்தை இரவல் தருகிறது.

‘கெ’ எழுதும்போது நம் கை கொம்பைத்தான் முதலில் போடும். கணினியின் நினைவிலோ ககரம் முன்னால், கொம்பு பின்னால். திரையில் காட்டும் நேரத்தில்தான் கொம்பு முன்னால் இழுத்து வைக்கப்படுகிறது. கண்ணில் படும் வரிசை ஒன்று, உள்ளே இருக்கும் வரிசை வேறு.

உரையை அலசும் கருவிகள் பலவும் இந்தச் சிக்கல் இல்லாத மொழியில் பிறந்தவை. அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து 1787-88இல் புனைபெயரில் எழுதப்பட்ட 85 ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளில் சிலவற்றை எழுதியவர் ஹாமில்டனா மேடிசனா என்பது நெடுநாள் வழக்கு. பெல் ஆய்வகத்தில் லீ மக்மஹோன் அந்தக் கட்டுரைகளைக் கணினியில் அலச விரும்பினார். அன்றைய ‘எட்’ என்ற தொகுப்பான் அவ்வளவு உரையைத் தாங்கவில்லை. சக ஊழியரான கென் தாம்சன் அதன் தேடும் பகுதியை மட்டும் கழற்றித் தனிக் கருவியாக்கிக் கொடுத்தார். அதுதான் இன்றும் புழங்கும் ‘கிரெப்’. இலக்கியச் சந்தேகம் ஒன்றிலிருந்து பிறந்த கருவி. ஆனால் ஓர் எழுத்து, ஓர் எண், ஒரு பைட் என்று அடங்கிவிடும் ஆங்கிலத்துக்காகப் பிறந்தது. அதே தாம்சன் 1992இல் ராப் பைக்குடன் சேர்ந்து யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையை வகுத்தார். அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். அந்தக் கணக்கில் ‘தமிழ்’ என்பது 15.

பழைய பழக்கம் இன்னும் விடவில்லை. பைத்தானோடு கூடவே வரும் ‘ரீ’ என்ற தேடல் தொகுப்பில், ‘சொல்லில் வரும் எழுத்துகள்’ என்று பொருள்படும் சுருக்கக்குறி ஒன்று உண்டு. பாடப் புத்தகத்தில் சொன்னபடி அதைக் கொண்டு ‘தமிழ்’ என்ற ஒரே சொல்லைத் தேடினேன். ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு கிடைத்தது. இகரக் குறியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. அவை வந்த இடத்தில் சொல்லை வெட்டிவிட்டது. பனையோலையில் புள்ளி வைக்காமல் எழுதினார்கள். படிப்பவர் புள்ளியைத் தாமே போட்டுக்கொண்டார். இந்த வாசகருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

போட்டுக்கொடுக்க வேண்டியது நாம்தான். நான் உருப்படியாக எழுதிய முதல் நிரல் அதற்குத்தான். உயிர்க்குறிகள் 11, புள்ளி ஒன்று, ஆக 12 குறிகளை ஒரு பட்டியலில் வைத்தேன். சரத்தின் மணிகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எடுத்தது அந்தப் பன்னிரண்டில் ஒன்றானால் முந்தைய எழுத்தோடு ஒட்ட வேண்டும். இல்லையென்றால் புது எழுத்தாகத் தொடங்க வேண்டும். ஐந்தாறு வரிதான். ஓட்டிப் பார்த்தேன்: த, மி, ழ். மூன்று! இதைச் செய்யும் தொகுப்புகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் தானே தைத்த சட்டையின் சுகம் வேறு.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இலக்கணப்படி பிரித்தாலும் ‘தமிழ்’ ஐந்துதான்: த், அ, ம், இ, ழ். கணினியும் ஐந்து என்கிறது. ஆனால் அந்த ஐந்து வேறு, இந்த ஐந்து வேறு. இலக்கணத்துக்கு மெய்தான் அடிப்படை. உயிர் வந்து சேர்ந்தால் உயிர்மெய். கணினிக்கு அகரமேறிய எழுத்து அடிப்படை; புள்ளி வந்து அகரத்தைக் கழிக்கிறது. அங்கே கூட்டல், இங்கே கழித்தல். கணினிதான் நம் மரபைத் தலைகீழாக்கிவிட்டது என்று கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. மெய் புள்ளியோடு நிற்கும், புள்ளி நீங்கினால் அகரத்தோடு ஒலிக்கும், மற்ற உயிரோடு சேர்ந்தால் உருவம் திரியும் என்று தொல்காப்பியத்தின் நூன்மரபே சொல்கிறது. ஒலியில் கூட்டல், வரிவடிவில் கழித்தல். யூனிகோடு பின்பற்றுவது வரிவடிவத்தை.

தைரியம் வந்து திருக்குறளில் கைவைத்தேன். குறளில் ‘ஔ’ இடம்பெறவில்லை என்று பொது அறிவுப் புத்தகங்கள் சொல்லும். தேடினால், ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்கு ஓர் எண், ‘கௌ’வில் வரும் குறிக்கு வேறோர் எண். உயிரெழுத்தை மட்டும் தேடினால் அலரறிவுறுத்தல் அதிகாரத்தில் ‘கௌவை’ என்ற சொல்லில் ஒளிந்திருக்கும் ஔகாரம் அகப்படாது. சரி, குறியையும் தேடினேன். என்னிடம் இருந்த மின்பிரதியில் அதுவும் அகப்படவில்லை. கண்ணுக்கு நேரே ‘கௌவை’ தெரிகிறது, கணினி இல்லை என்கிறது!

பிரித்துப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறியைப் போடவில்லை. ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தை அடித்திருந்தார். கௌவை, கெளவை: பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், உள்ளே வேறு வேறு ஆட்கள். ‘கொ’விலும் இதுபோல் உண்டு. ஒகரக் குறி ஒன்றாக இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கலாம். ஆனால் அந்த இரண்டும் ஒன்றே என்பது யூனிகோடுக்குத் தெரியும். ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் கட்டளையும் உண்டு. கொம்போடு நிற்கும் ளகரத்தை அது தொடாது. அது நிஜமான ளகரமாயிற்றே.

நானே திருத்துகிறேன் என்று, கொம்பையும் ளகரத்தையும் அடுத்தடுத்துக் கண்டால் ஔகாரக் குறியாக மாற்று என்று விதி எழுதினேன். ‘கௌவை’ சரியாயிற்று, ‘வெள்ளம்’ உடைந்தது. ‘தெளிவு’ போயே போய்விட்டது. ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாதே என்று விதியை இறுக்கினேன். வெள்ளமும் தெளிவும் பிழைத்தன, மௌனமும் வௌவாலும் திருந்தின. வெற்றிக் களிப்பில் அதே நிரலைப் பேச்சுத்தமிழில் எழுதிய ஒரு கதையின் மேல் ஓட்டினேன். ‘கெளம்பு’ம் ‘வெளக்கு’ம் வீழ்ந்தன. குறளுக்குச் சரியான விதி கதைக்குத் தவறு. எந்த உரை, யார் மொழி என்று தெரியாமல் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்பதை எந்தப் புத்தகமும் இவ்வளவு உறைக்கும்படி எனக்குச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு எண்ணிக்கைகளைக் கேட்டதும் நம்புவதில்லை. குறளில் எத்தனை சொல்? இடைவெளியை வைத்து வெட்டினால், சீர் பிரித்த பிரதியில் 1330ஐ ஏழால் பெருக்கிய 9310. பதம் பிரித்த பிரதியில் விடை மாறும். அகரவரிசையும் அப்படித்தான். எண் வரிசையில் அடுக்கச் சொன்னால் ‘கனி’ முந்தி, ‘கப்பல்’ பிந்தி வருகிறது. இந்திய மொழிகளையெல்லாம் ஒரே அச்சில் அடுக்கிய பழைய ‘இஸ்கி’ முறையை யூனிகோடு பின்பற்றியதால், தமிழில் கடைசியாக நிற்கும் னகரத்துக்கு நகரத்தின் பக்கத்தில் இடம் கிடைத்தது. அதையும் சொல்லிக்கொடுத்துத்தான் அடுக்க வேண்டும்.

வார முடிவில் அக்கா மகளிடம் என் கணக்கை ஒப்பித்தேன். ‘தமிழ்’ என்பது பைட்டில் 15, யூனிகோடில் 5, எழுத்தில் 3. மாத்திரையில் குறில் இரண்டு, ஒற்று ஒன்று, ஆக இரண்டரை. அசையில் ஒன்றே ஒன்று.

“அசைன்னா?” என்றாள்.

“நேர், நிரைன்னு ரெண்டு. இது நிரை.”

அவள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். “எது நேர், எது நிரைன்னு விதியைச் சொல்லுங்க மாமா, எழுதிடலாம்.”

வாயைத் திறந்தேன். குறில் தனித்து வந்தால்... பள்ளியில் மனப்பாடம் செய்ததை, ஒன்றும் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல் முதன்முறையாக யோசிக்கத் தொடங்கினேன்.