செங்கல்பட்டில் ஒரு பாய்மரம்!

வீடு கட்டினால் ஊரார் வாழ்த்துவார்கள். கார் வாங்கினால் 'ட்ரீட் எப்போ?' என்பார்கள். ஆனால் கடலே இல்லாத செங்கல்பட்டில் ஒருவன் பாய்மரப் படகு வாங்கினால் என்ன சொல்வது என்று யாருக்கும் தெரிவதில்லை. என் நண்பனின் தெருக்காரர்கள் மூன்று மாதம் யோசித்தார்கள். கடைசியில் அதன்மேல் வடகம் காயப் போட்டுவிட்டார்கள்!

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் படகின் பெயர் 'ஹோபி 16'. வாழைப்பூ மடல் போல ஒல்லியாக இரண்டு உடல்கள், நடுவில் கட்டில் மாதிரி இழுத்துக் கட்டிய வலை. வெயில் நேராக விழும், கீழேயும் காற்று வரும். வடகத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

நண்பனும் நானும் பி.காமில் ஒரே பெஞ்ச். அவன் இப்போது மகிந்திரா சிட்டியில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறான். "டேய், இது அஸெட்டா, லயபிலிட்டியா?" என்றேன்.

"தண்ணில இருந்தா அஸெட். ரோட்ல இருந்தா லயபிலிட்டி."

லயபிலிட்டியில் இன்னொரு வரியும் உண்டு. படகுக்குக் கொடுத்தது அவன் போனஸ். அதை இழுத்துப் போகும் டிரெய்லருக்குக் கொடுத்தது அவன் மனைவியின் இரண்டு வளையல்கள். அடகில் இருக்கின்றன. 'ஆறே மாசம்' என்று சொல்லியிருக்கிறான்.

கணக்குப் பிள்ளைக்கும் பாய்மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பை 1911-ல் தொடங்கியவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங். துறைமுகத்தின் தலைவரும் அவர்தான். அவருக்குக் கீழே 1912-ல் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், நம் கணித மேதை ராமானுஜன்! (ராமானுஜன் படகில் ஏறினாரா என்று என்னைக் கேட்கக் கூடாது.) அதே சென்னையிலிருந்து புறப்பட்ட நேத்ரா குமணன்தான் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2021-ல் டோக்கியோவில் கலந்துகொண்டார்.

துறைமுகத்துக்குள் அலை தடுக்க சுவர் இருக்கிறது. மாமல்லபுரத்தில் அதெல்லாம் கிடையாது. நேராக மணல், நேராக அலை. அங்கேதான் ஹோபிக்கு மவுசு. கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர் என்பவர், மணலிலிருந்தே தள்ளி, மணலிலேயே ஏற்றிவிடலாம் என்ற எண்ணத்தில் உருவாக்கியது இது. அடியில் பலகை எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. நீளம் பதினாறரை அடி, எடை சுமார் 145 கிலோ. உலகம் பூராவும் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது.

இந்த ரகப் படகுக்கு ஆங்கிலத்தில் பெயர், 'கேட்டமரான்'. நம்ம கட்டுமரம்தான்! பதினேழாம் நூற்றாண்டிலேயே நம் கடற்கரைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் வார்த்தையைக் கொண்டுபோனார்கள். பொருளைத்தான் சரியாகக் கொண்டுபோகவில்லை. கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அவர்கள் ஊரில் அது இரட்டை உடல் படகாகிவிட்டது.

ஞாயிறு விடியற்காலை அஞ்சு மணிக்குக் கிளம்புவோம். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் முப்பது கிலோமீட்டர். டிரெய்லருக்கும் ஆர்.டி.ஓ. பதிவு உண்டு என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ரிவர்ஸ் எடுப்பது தனி வித்தை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். டீக்கடையில் ஒரு பெரியவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏரோப்ளேனா தம்பி?" என்றார்.

குப்பத்தில் ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தோம். அது அவர்கள் கரை. படகு இறக்கச் சரிவு மேடை எதுவும் கிடையாது. முதல் நாளே டிரெய்லர் சக்கரம் மணலில் அச்சு வரை இறங்கிவிட்டது. படகு இழுக்கும் டிராக்டரை வைத்துத்தான் மீட்டார்கள். சுமார் இருபத்தாறு அடி பாய்மரத்தை மணலுக்கு வந்த பிறகுதான் நிமிர்த்த வேண்டும். அலுமினியம் ஆச்சே, மேலே கரண்ட் கம்பி இருந்தால் கதை முடிந்தது. கயிறுகளையெல்லாம் கோத்து முடிக்க ஒரு மணி நேரம்.

அதற்கப்புறம்தான் இருக்கிறது சொர்க்கம். மார்ச் மாதப் பகலில் நிலம் சூடாகி, கடலிலிருந்து காற்று உள்ளே வரும். காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாய்மரமும் போகாது. குறுக்கும் நெடுக்குமாகத்தான் ஏற வேண்டும். திரும்பிக் காற்றைப் பக்கவாட்டில் வாங்கியதும் ஒரு உடல் தண்ணீரை விட்டு எழும்பும். நாங்கள் இருவரும் வெளியே சாய்ந்து தொங்குவோம். என்ஜின் சத்தமே கிடையாது. கலங்கரை விளக்கமும் கடற்கரைக் கோயிலும் ஒரே வரிசையில் நகரும். அந்தக் காலத்து மாலுமிகள் இந்த ஊரை 'ஏழு கோபுரம்' என்று ஏன் அடையாளம் வைத்தார்கள் என்பது தண்ணீரிலிருந்து பார்த்தால் புரிகிறது.

ஜூன் மாதத்தில் ஒரு காலை. கடல் தாம்பாளம் மாதிரி இருந்தது. போனில் காற்று நிலவரம் பார்த்தவன், "சூப்பர்டா!" என்றான். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கி, "கச்சான் அடிக்குது தம்பி. இன்னிக்கு வாணாம்" என்றார்.

கச்சான் என்றால் மேற்குக் காற்று. கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் கரையோரத்தில் அலை படுத்துவிடும். சாதுவாகத் தெரியும். தள்ளிப் போகப் போகத்தான் அதன் சுயரூபம். மற்ற மாதங்களில் பகலில் கடற்காற்று வந்து நம்மைத் திருப்பி அனுப்பும். ஜூனில் கச்சான் பலமாக இருந்தால் அதுவும் சீக்கிரம் வராது. இதெல்லாம் இப்போது தெரியும். அன்றைக்குத் தெரிந்தது போன் மட்டும்தான்.

இருபது நிமிடத்தில் 'டங்' என்று ஒரு சத்தம். பாய்மரம் அப்படியே சாய்ந்து தண்ணீரில் விழுந்தது. அதைத் தாங்கும் கம்பியின் முனையில் ஒரு சின்ன பின். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட வேண்டியதை, ஹார்ட்வேர் கடையில் சாதா பின் வாங்கிப் போட்டிருந்தோம். (யோசனை என்னுடையது. காஸ்ட் கன்ட்ரோல்!) உப்பு அதைத் தின்றிருக்கிறது. நங்கூரம்? கனம் என்று வீட்டிலேயே விட்டிருந்தோம். துடுப்பு ஒன்றே ஒன்று. மாற்றி மாற்றி வலித்தோம். கலங்கரை விளக்கம் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துக்கொண்டே போனது.

பிளாஸ்டிக் உறைக்குள் போன். சார்ஜ் எட்டு சதவீதம். கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554 எனக்கு மனப்பாடம். அதற்குள் அவன் விரல் 'வீடு' என்ற பெயருக்குப் போய் அங்கேயே நின்றது. "என்னடா சொல்லுவே?" என்றேன். பதில் இல்லை. போனைப் பிடுங்கி 1554-ஐ அழுத்தப் போகையில், தெற்கேயிருந்து என்ஜின் சத்தம்.

வலை பிரித்த அதே பெரியவர். நாங்கள் திரும்ப மாட்டோம் என்று தெரிந்து பின்னாலேயே வந்திருக்கிறார். திட்டவில்லை. கயிறு வீசினார். கரைக்கு வந்ததும் எண்ணெய்க் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

பின் மாற்றி, பாய் தைத்து, ஒரு மாதம் கழித்துப் போனோம். அன்று கடற்காற்று. பெரியவர் படகைச் சுற்றி வந்தார். "நான் ஒரு வாட்டி வரட்டுமா?" சிறுவயதில் அப்பாவோடு பாய் கட்டிய கட்டுமரத்தில் போனவராம். என்ஜின் வந்தபிறகு பாயைத் தொடவே இல்லையாம். ஏறி உட்கார்ந்தார். நண்பன் வழக்கம் போல பாய்க் கயிற்றை இழுத்துப் பூட்டில் மாட்டினான்.

"அவுரு அதை. கட்டி வெச்சா காத்து உன்னைக் கவுத்துடும். கையில புடி. ஏறினா விடு, எறங்கினா இழு."

இரண்டு வருடமாக நாங்கள் திணறிய திருப்பத்தை ஒரு கையால் திருப்பினார். திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. கரையில் இறங்கி வேட்டியைப் பிழிந்துகொண்டே, "இதை ஏன் ஊருக்கும் இங்கேயுமா இழுத்துக்கினு அலையறே? இங்கேயே கெடக்கட்டும்" என்றார்.

அப்படியே படகு இப்போது அவர் வீட்டோரம், தென்னங்கீற்றுக்குக் கீழே. கடலுக்குப் போகலாமா என்பதை அவர்தான் சொல்கிறார். அவர் 'வாணாம்' என்றால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். டிரெய்லர் விலைக்கு இருக்கிறது. விற்றால் ஒரு வளையலாவது திரும்பும் என்று நண்பன் கணக்குப் போட்டிருக்கிறான். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் அவன் தெருவுக்குப் போயிருந்தேன். எதிர் வீட்டு மாமி வாசலுக்கு வந்து கேட்டார்: "ஏம்ப்பா, வெயில் ஏறிடுச்சு. வடகம் போடணும். போட் எப்போ வரும்?"