தோலுக்கு எட்டும் இசை

செவித்துணைக் கருவி மாட்டியவருக்குப் பேச்சு கேட்கிறதென்றால் பாட்டும் கேட்கும்தானே என்று எளிதாக முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் அந்தக் கருவி பேச்சுக்காகவே உருவானது. சாதாரணப் பேச்சில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி 30 டெசிபல் அளவுதான். இசையில் அது வெகு அதிகம். அதனால் உச்ச ஒலிகள் வெட்டுப்பட்டுக் கரகரக்கின்றன. கருவி தானாக ஊளையிடாமல் தடுக்க உள்ளே ஓர் ஏற்பாடு உண்டு; புல்லாங்குழலின் நீண்ட ஸ்வரத்தையும் ஊளை என்றெண்ணி அது அடக்கப் பார்க்கும். (குழல் வித்வான்கள் மன்னிக்க!) உட்செவியில் பொருத்தப்படும் காக்ளியர் இம்பிளான்ட்டின் சிக்கல் வேறு. உட்செவியில் சுமார் 3,500 செல்கள் பார்க்கும் வேலையை அங்கே 12 முதல் 22 வரையான மின்முனைகள் பார்க்க வேண்டும். சொல் புரிய அது பெரும்பாலும் போதும், சுருதி பிரிக்கப் போதாது. ஆக, காதைச் சரிசெய்தால் இசை வந்துவிடும் என்பது பாதி உண்மைதான். மீதியை உடலின் வேறு வழிகளில் தேட வேண்டும்.

அப்படித் தேடிக் கண்டவர் ஸ்காட்லாந்தின் தாளவாத்தியக் கலைஞர் எவலின் கிளெனி. 12 வயதுக்குள் செவித்திறனைப் பெருமளவு இழந்த அவர், ஆசிரியர் டிம்பனி முரசை வாசிக்க, சுவரில் கைவைத்து அதிர்வைப் பிரித்தறியப் பழகினார். தாழ்ந்த ஒலிகளைக் கால்களிலும் பாதங்களிலும், உயர்ந்த ஒலிகளை முகம், கழுத்து, மார்பிலும் உணர்கிறார். மேடையில் அவர் வெறுங்காலுடன் நிற்பது இதற்காகத்தான். இது ஒருவருக்கு மட்டும் வாய்த்த வரம் அல்ல. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டீன் ஷிபாட்டா 2001-இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், காது கேளாதவர்களின் கைக்கு அதிர்வு தந்தபோது, மற்றவர்களுக்கு ஒலியைக் கையாளும் மூளைப் பகுதி அவர்களிடம் விழித்துக்கொண்டது. அந்தப் பகுதி சும்மா கிடக்கவில்லை. தோல் அனுப்பும் செய்தியைப் படிக்கிறது.

தோலால் ராகம் கேட்க முடியுமா என்று கேட்டால், பெரும்பாலும் முடியாது என்பதே நேர்மையான பதில். சுமார் 250 ஹெர்ட்ஸில் தோல் கூர்மையாக இருக்கிறது. 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் மரத்துப்போகிறது. அடுத்தடுத்த இரண்டு ஸ்வரத்தானங்களின் அதிர்வெண் வித்தியாசம் 6 சதவீதமே. அவ்வளவு நுணுக்கம் தோலுக்கு எட்டாது. ஆனால் இசை என்பது சுருதி மட்டுமா? தாளம், காலப்பிரமாணம், ஓங்கலும் தணிதலும் தோலுக்கு நன்றாகவே எட்டுகின்றன. கனடாவில் ஃபிராங்க் ருஸ்ஸோ குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், செல்லோ, பியானோ, டிராம்போன் ஆகியவற்றின் நாதத்தைக்கூட முதுகில் படும் அதிர்வை வைத்தே காது கேளாதவர்கள் வேறுபடுத்தினார்கள். ருஸ்ஸோ குழுவின் அதிர்வு நாற்காலி, தாழ்ந்த ஒலியை முதுகின் ஓரிடத்துக்கும் உயர்ந்த ஒலியை வேறிடத்துக்கும் பிரித்து அனுப்புகிறது. உட்செவி செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

இதெல்லாம் பணக்காரக் கருவிகள் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அரங்கில் சிமென்ட் தரைக்குப் பதில் மரப்பலகைத் தளம், பேஸ் ஸ்பீக்கருக்கு அருகில் இருக்கை, செவித்துணைக் கருவியில் இசைக்கெனத் தனி அமைப்பு, பாடல் வரிகள் திரையில், சைகை மொழியில் பாடல் தெரிந்த கலைஞர் ஒருவர் என்று தொடங்க ஆய்வகம் வேண்டியதில்லை. அந்தக் கலைஞரைக் கேமரா விடாமல் காட்டவும் வேண்டும். அமெரிக்காவின் 2020 சூப்பர் பவுல் விளையாட்டுப் போட்டியில் காது கேளாத கலைஞர் கிறிஸ்டீன் சன் கிம் சைகை மொழியில் தேசிய கீதம் பாடியபோது, தொலைக்காட்சியில் அவரைச் சில நொடிகளே காட்டினார்கள்.