கோர்ட் வாசல் மிதிக்காமலே தீர்ந்த வழக்கு

பேத்திக்கு அன்னப்பிராசனம் செய்யக் கோயமுத்தூரிலிருந்து குருவாயூருக்குக் காரில் போனோம். வழியில் குழந்தை அழுதாளே என்று முன்சீட்டில் அவளை மடியில் வைத்துக்கொண்டேன். பெல்ட் போடவில்லை. அதுதான் வினையாயிற்று!

இரண்டு வாரம் கழித்து என் கணவரின் செல்போனுக்குக் கேரளாவிலிருந்து அபராதச் செய்தி. அங்கே 2023 ஜூன் 5 முதல் செயற்கை நுண்ணறிவுக் காமிராக்கள் படம் பிடித்து அபராதம் போடுகின்றனவாம். "ஏம்மா, இதுக்காகக் கேரளா கோர்ட்டுக்கு அலையணுமா?" என்று அவர் இடிந்து போய் உட்கார்ந்துவிட்டார். "வேற மாநிலம்தானே, விட்டுத் தள்ளுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கோ மனசு கேட்கவில்லை.

அன்று மாலையே வாட்ஸ்அப்பில் இன்னொரு செய்தி, 'அபராதம் கட்ட இந்த ஃபைலைத் திறக்கவும்' என்று. திறக்கப் போனேன். "தொடாதேம்மா, பேங்க் பணமே போயிடும்!" என்று மகன் பிடுங்கிக்கொண்டான். அது மோசடியாம்.

பிறகு அரசாங்கத்தின் இ-சலான் பரிவாஹன் தளத்தை நாங்களே தேடித் திறந்தோம். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சலான் எண்ணைப் போட்டதும் தேதி, இடம், குற்றம், படம் எல்லாம் வந்தன. 500 ரூபாயை அங்கேயே கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்தினோம். அவ்வளவுதான்!

சகோதரிகளே, ஒன்றைக் கவனியுங்கள். கட்டாமல் விட்டால் வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கேயும் வீட்டிலிருந்தே கட்டலாம். ஆனால் பணம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். ஆகவே முதலில் படத்தைப் பாருங்கள். வண்டி உங்களுடையது அல்ல என்றால் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள், மறுத்து எழுதுங்கள். மெய்நிகர் நீதிமன்றத்தில் மறுத்தால் வழக்கு அந்த ஊர் கோர்ட்டுக்குப் போகும். அப்போது வக்கீல் வைத்துக்கொள்ளலாம். இந்த வசதியெல்லாம் சின்னக் குற்றங்களுக்குத்தான். குடித்துவிட்டு ஓட்டினால் கதையே வேறு.

எங்கள் விஷயத்தில் மறுக்க என்ன இருக்கிறது? படத்தில் நானேதான்! மடியில் பேத்தி. திடீரென்று பிரேக் போட்டிருந்தால் என் கை அவளைத் தாங்கியிருக்குமா? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. 500 ரூபாய் போனது பெரிதில்லை. இப்போது அவளுக்கென்று குழந்தை இருக்கை வாங்கிப் பின்சீட்டில் பொருத்தியிருக்கிறோம். அழுதால் வண்டியை ஓரமாக நிறுத்தித்தான் எடுக்கிறேன்.