யமுனைக்கும் ஒரு கொள்ளிடம் வேண்டும்

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் பேத்தியுடன் மெட்ரோவில் கனாட் பிளேஸ் போய்க்கொண்டிருந்தேன். யமுனா பேங்க் ஸ்டேஷனைத் தாண்டி வண்டி பாலத்தில் ஏறியதும், "தாத்தா, மூக்கைப் பொத்திக்கோ, நாலா வருது!" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "அது நாலா இல்லேடி, யமுனை" என்றேன். அவள் ஜன்னல் வழியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "டெக்ஸ்ட் புக்ல நீலமா இருக்கே!" என்றாள். பதில் சொல்வதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிட்டது.

காவிரியையும் தாமிரபரணியையும் பற்றி ஏங்கிப் பேசும் நாம், பல வருஷங்களாக நமக்குக் குடிநீர் தரும் இந்த ஆற்றை எத்தனை முறை பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறோம்? ரயில்வேயில் பாலங்களோடு காலம் தள்ளிய எனக்கே இந்தக் கேள்வி உறைத்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இரும்புப் பாலம் சொல்லும் கணக்கு

செங்கோட்டைக்கு அருகே 1866-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தைத் தில்லிக்காரர்கள் 'லோஹே கா புல்' என்பார்கள். பன்னிரண்டு கண் பாலம். மேல் தளம் ரயிலுக்கு, கீழ்த் தளம் சாலைக்கு. தில்லியில் யமுனையின் நீர்மட்டம் என்று செய்திகளில் சொல்வதெல்லாம் இந்த இடத்து அளவுதான். கடல் மட்டத்திலிருந்து 204.50 மீட்டர் என்றால் எச்சரிக்கை. 205.33 என்றால் அபாயம். 206-ஐத் தொட்டால் தாழ்வான இடங்களிலிருந்து மக்களை வெளியேற்றுவார்கள்.

மூன்று வெள்ளங்களின் கணக்கைப் பாருங்கள். 1978-ல் மேலே ஹரியானாவிலிருந்து வினாடிக்குச் சுமார் 7 லட்சம் கனஅடி வந்தது. பாலத்தில் மட்டம் 207.49 மீட்டர். 2019 ஆகஸ்டில் ஹத்னிகுண்ட் அணையிலிருந்து 8 லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தார்கள். மட்டம் 206.60. ஆனால் 2023 ஜூலையில் உச்சமாகத் திறந்தது சுமார் 3.59 லட்சம் கனஅடிதான். மட்டமோ 208.66! இதுவரை காணாத உயரம். பாலத்தில் ரயில்களை நிறுத்தினார்கள். ரிங் ரோடு முழுகி, செங்கோட்டையின் பின்புற மதில் வரை தண்ணீர் வந்தது.

பாதித் தண்ணீருக்கு எப்படி இரண்டு மீட்டர் அதிக உயரம்? 2023-ல் தண்ணீர் ஒரே மூச்சில் வந்து வடியாமல், பல மணி நேரம் தொடர்ந்து வந்தது. தில்லியிலும் அதற்குச் சில நாள் முன்பு கனமழை. இவை பாதிக் காரணம். ஐ.டி.ஓ. அருகே உள்ள தடுப்பணையில் சில மதகுகள் வண்டல் படிந்து திறக்க முடியாமல் கிடந்தன. இது இன்னொரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றின் மார்பை நாம் குறுக்கிக்கொண்டே வந்திருக்கிறோம்.

ஓடும் நீருக்குக் குறுக்கே தூணோ கரையோ எழுப்பினால், அதற்கு மேல்பக்கத்தில் மட்டம் உயர்ந்து நிற்கும். எங்கள் துறையில் இதற்கு 'அஃப்ளக்ஸ்' என்று பெயர். ஒரு பாலத்தால் எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டுத்தான் கண்களின் அகலத்தை முடிவு செய்வோம். ஆனால் வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டருக்குள் தடுப்பணைகள், வரிசையாகப் பாலங்கள், அவற்றுக்கு மண் கொட்டி உயர்த்திய சாலைகள், பழைய கட்டுமானக் கழிவு மேடுகள் என்று எல்லாம் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக இருக்கலாம். எல்லாம் சேர்ந்தால் ஆற்றுக்கு மூச்சு முட்டும்.

நம் ஊர் சொல்லிக்கொடுத்தது

திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வெள்ளம் மிகுந்தால் மிச்சமெல்லாம் வடபக்கம் கொள்ளிடத்தில் போகும். மிகுதியைக் 'கொள்ளும் இடம்' என்றே அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அதுபோல ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே உள்ள நிலத்தைத் தஞ்சாவூர்ப் பக்கம் 'படுகை' என்போம். அங்கே வாழையும் மூங்கிலும் இருக்கும். வீடு கட்ட மாட்டார்கள். ஆறு எப்போதாவது வந்து படுத்துவிட்டுப் போகும் இடம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

யமுனைக்குத் தனியாகக் கொள்ளிடம் கிடையாது. இங்கே 'காதர்' என்று சொல்லும் படுகைதான் அதற்குக் கொள்ளிடம். அந்த மணல் நிலம் ஒரு பெரிய பஞ்சு. மழைக்காலத்தில் உறிஞ்சிக்கொண்டு கோடையில் திருப்பித் தருகிறது. வடக்கே பல்லா பகுதியில் அந்தப் படுகையில் போட்ட கிணறுகளிலிருந்து தில்லிக்குக் குடிநீர் வருகிறது. வெள்ளநீரைத் தேக்கி மணலுக்குள் இறக்க, 2019-ல் அங்கேயே ஒரு குளம் வெட்டிச் சோதனையும் தொடங்கினார்கள். படுகையில் கான்கிரீட் போட்டால் வெள்ளமும் நம் தலையில், வறட்சியும் நம் தலையில்.

செய்து காட்டிய இடம்

மனமிருந்தால் மாற்ற முடியும் என்பதற்கு வஜீராபாத் அருகே உள்ள யமுனா பல்லுயிர்ப் பூங்காவே சாட்சி. உப்புப் பூத்துப் பாழாய்க் கிடந்த நிலத்தை, 2000-களின் தொடக்கத்தில் தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து எடுத்துக்கொண்டன. பேராசிரியர் சி.ஆர். பாபு வழிகாட்டினார். நீர்நிலைகள் வெட்டி, யமுனைக் கரைக்கே உரிய புல்லும் மரமும் நட்டார்கள். 457 ஏக்கரில் இன்று குளிர்காலத்தில் வெளிநாட்டு வாத்துகள் வந்து இறங்குகின்றன. 2016-ல் ஒரு சிறுத்தைகூட வந்து தங்கியது!

2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வெள்ளப் படுகையில் புதிய கட்டடம் கூடாது என்று உத்தரவிட்டது. பிறகு ஆற்றோரம் சராய் காலே கான் அருகே மூங்கில் வனமான பான்ஸேரா, கஷ்மீரி கேட் அருகே வாசுதேவ் காட் எனச் சில இடங்கள் மக்களுக்குத் திறந்திருக்கின்றன. ஒரு புல்வெளி நாலு நாள் தண்ணீரில் முழுகினால் பெரிய நஷ்டமில்லை. வண்டல் படிந்து இன்னும் செழிக்கும். கட்டடம் முழுகினால்? அதனால் பூங்கா என்ற பெயரில் சிமெண்ட் பெருகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் வாசலில்

தில்லியில் பெரிய கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2001-லிருந்தே கட்டாயம். எங்கள் குடியிருப்பிலும் குழி இருந்தது. ஆனாலும் மழை பெய்தால் கேட் அருகே கணுக்கால் அளவு தண்ணீர். போன வருஷம் ஜூனில் நானும் எதிர்வீட்டு சர்தார்ஜியும் மூடியைத் திறந்து பார்த்தோம். மேலே போட்டிருந்த மணல் சேறாகி இறுகிக் கிடந்தது. ஓர் ஆளை வைத்து மேல் மணலை அரையடி வாரி எடுத்து, புது மணல் போட்டோம். ஒரு நாள் கூலியோடு வேலை முடிந்தது. அடுத்த பெருமழையில் அரை மணி நேரத்தில் வாசல் காலி! உங்கள் குடியிருப்பிலும் மழைக்கு முன் அந்த மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்.

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்ட் கூடாது என்று 2013-லேயே தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. அந்த ஓடுகளைப் பெயர்க்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. ஓக்லா பக்கம் சத் பூஜை சமயத்தில் மிதக்கும் வெள்ளை நுரையில் நம் வீட்டுச் சோப்புத்தூளுக்கும் பங்குண்டு. சுத்திகரிக்காத சாக்கடை அணையில் விழுந்து கடையப்படும்போது நுரைக்கிறது. சாக்கடையைச் சுத்திகரிப்பது அரசின் வேலை. தூளைக் குறைப்பது நம் வேலை.

வாருங்கள், பார்ப்போம்

பார்க்காத ஆற்றுக்காக யாரும் பரிந்து பேச மாட்டார்கள். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை கஷ்மீரி கேட் பக்கம் யமுனைத் துறைக்குப் போங்கள். பனிமூட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான கடற்காகங்கள் படகைச் சுற்றிப் பறக்கும். காராபூந்தி போடாதீர்கள், அவற்றுக்கு அது ஆகாது. ஓக்லா பறவைகள் சரணாலயமும் குழந்தைகளுக்கு நல்ல இடம்.

இன்னொரு யோசனை. நம் ஆடிப்பெருக்கு வரும் சமயம்தான் யமுனையும் பெருகி ஓடும். அன்றைக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு நாலு குடும்பங்களாகச் சேர்ந்து போகலாம். மட்டம் எச்சரிக்கை அளவுக்குக் கீழே இருந்தால் மட்டும். தண்ணீரில் இறங்க வேண்டாம். பூவும் போட வேண்டாம், 5,000 ரூபாய் அபராதம்! கரையில் நின்று கும்பிட்டால் போதும்.

ஜனவரியில் பேத்தியைப் படகில் கூட்டிப்போனேன். நாற்றம் இருந்தது, மறைக்கவில்லை. கடற்காகங்களைப் பார்த்ததும் அவள் மூக்கிலிருந்த கை தானாக இறங்கிவிட்டது. திரும்பும்போது, "தாத்தா, யமுனையை யாரு க்ளீன் பண்ணுவா?" என்று கேட்டாள்.

நாலா என்று சொல்லவில்லை. இப்போதைக்கு எனக்கு அது போதும்.