குனூ பொதுமக்கள் உரிம மீறல்

குனூ பொதுமக்கள் உரிம மீறல் என்பது, அவ்வுரிமத்தின் கீழ் வெளியிடப்பட்ட கட்டற்ற மென்பொருளை அதன் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்காமல் பிறருக்கு வழங்குவதைக் குறிக்கும். சுருக்கமாக ஜிபிஎல் எனப்படும் இவ்வுரிமத்தைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 1989 இல் வெளியிட்டது. 2ஆம் பதிப்பு 1991 இலும், 3ஆம் பதிப்பு 2007 இலும் வெளிவந்தன. லினக்ஸ் கருனி 2ஆம் பதிப்பின் கீழ் உள்ளது.

எது மீறல்?

ஜிபிஎல் மென்பொருளை விலைக்கு விற்பது மீறல் அன்று. ஒரு நிறுவனம் அதனை மாற்றியமைத்துத் தன் அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படுத்துவதும் மீறல் அன்று. மென்பொருளையோ, அது பதிந்துள்ள கருவியையோ பிறர் கையில் கொடுக்கும்போதுதான் கடமை தொடங்குகிறது. கணினி மட்டுமே படிக்கக்கூடிய இருமக் கோப்பாக வழங்குபவர், அதற்குரிய முழு மூலநிரலையும் உடன் தரவேண்டும். அல்லது, கேட்போருக்குத் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுகள் செல்லத்தக்க எழுத்துமூல உறுதியைத் தரவேண்டும். உரிமத்தின் படியும் இணைக்கப்பட வேண்டும். மூலநிரலை இருமக் கோப்பாகத் தொகுக்க உதவும் கட்டளைக் கோப்புகளும் மூலநிரலின் பகுதியே. அவற்றை விட்டுவிட்டு, தொகுக்கவே இயலாத கோப்புகளைத் தருவதும் மீறலே. இது மிகப் பரவலாகக் காணப்படுவது.

2ஆம் பதிப்பின் 4ஆம் பிரிவின்படி, நிபந்தனையை மீறுபவரின் உரிமம் தானாகவே முடிவுக்கு வருகிறது. அதன்பின் அவர் செய்யும் ஒவ்வொரு படியும் அனுமதியற்ற படியாகும். உரிமத்தின் வலிமை இங்கேதான் உள்ளது. "இந்த உரிமம் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று நிறுவனம் வாதிட்டால், மென்பொருளை வழங்க வேறு எந்த அனுமதியும் அதன் கையில் இல்லை.

லிங்க்சிஸ் நிகழ்வு

லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்னும் கம்பியில்லா ரௌட்டர் (திசைவி) 2002 இறுதியில் விற்பனைக்கு வந்தது. அதனுள் லினக்ஸ் இயங்குவதை 2003 இல் நிரலாளர்கள் கண்டறிந்தனர். மூலநிரலோ எழுத்துமூல உறுதியோ வழங்கப்பட்டிருக்கவில்லை. அவ்வாண்டில்தான் சிஸ்கோ நிறுவனம் லிங்க்சிசை வாங்கியிருந்தது. மென்பொருளை லிங்க்சிஸ் தானே முழுமையாக எழுதவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. சில்லு பிராட்காம் நிறுவனத்துடையது. கருவியை உருவாக்கியது தைவானின் சைபர்டான் நிறுவனம். இத்தகைய நீண்ட வழங்கல் சங்கிலியில், தன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கடைசியில் பெயர் ஒட்டி விற்பவரே அறியாதிருப்பது உண்டு. பல மீறல்கள் தீய எண்ணத்தைவிடக் கவனக்குறைவால் நிகழ்கின்றன. ஆயினும் பொறுப்பு விற்பவரையே சாரும்.

நிரலாளர்களின் வற்புறுத்தலின் பேரில் மூலநிரல் 2003 இலேயே வெளியிடப்பட்டது. அதன் அடிப்படையில் 2004 இல் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தோன்றியது; பெயரே அந்த ரௌட்டரிலிருந்து வந்ததுதான். 2005 இல் லிங்க்சிஸ் அந்த மாதிரியை லினக்சிலிருந்து வேறோர் இயக்குதளத்துக்கு மாற்றியபோதும், லினக்ஸ் உள்ள பழைய வடிவைத் தனிப்பெயரில் தொடர்ந்து விற்றது. மறைக்கப்பட்ட நிரலைத் திறந்ததே அக்கருவியின் விற்பனைக்கு வலுவாயிற்று எனலாம். எனினும் சிஸ்கோவின் பிற வெளியீடுகளில் குறைகள் நீடித்ததால், அறக்கட்டளை 2008 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. 2009 மே மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டது.

நீதிமன்றங்களில்

லினக்சின் நெட்ஃபில்டர் பகுதியை எழுதியோருள் ஒருவரான ஹரால்ட் வெல்ட், சைட்காம் நிறுவனத்துக்கு எதிராக 2004 இல் செருமனியின் மியூனிக் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றார். அமெரிக்காவில் பிசிபாக்ஸ் நிரலாளர்கள் மான்சூன் மல்டிமீடியா மீது 2007 இல் தொடுத்த வழக்கு சில வாரங்களில் உடன்பாட்டில் முடிந்தது. 2010 இல் வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் நிறுவனம் 90,000 டாலர் இழப்பீடு செலுத்தவும், மீறலுக்குரிய தொலைக்காட்சிப் பெட்டிகளை ஒப்படைக்கவும் நியூயார்க் நீதிமன்றம் ஆணையிட்டது.

எல்லா வழக்குகளும் வெல்வதில்லை. விஎம்வேர் மீது கிறிஸ்டோஃப் ஹெல்விக் தொடுத்த வழக்கை ஆம்பர்க் நீதிமன்றம் 2016 இல் தள்ளியது. உரிமம் மீறப்பட்டதா என்ற கேள்விக்குள்ளேயே அது செல்லவில்லை. எந்தெந்த வரிகள் அவருடையவை, அவை எவ்வாறு பயன்படுத்தப்பட்டன என்பது போதிய அளவு மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே காரணம். மேல்முறையீடும் 2019 இல் தோற்றது.

நிரலாளர் செய்யக்கூடியவை

முதலில் சான்று திரட்ட வேண்டும். கருவியில் பதிந்துள்ள மென்பொருளின் கோப்பில் உள்ள எழுத்துத் தொடர்களை ஸ்ட்ரிங்ஸ் என்னும் கட்டளையால் பிரித்தெடுத்தாலே, பிசிபாக்ஸ் போன்றவற்றின் பெயரும் பதிப்பெண்ணும் பெரும்பாலும் தென்பட்டுவிடும். கருவியை விலைக்கு வாங்கி, பற்றுச்சீட்டையும் கையேட்டையும் பாதுகாத்து, மூலநிரலைக் கேட்டு எழுத வேண்டும். வழக்குத் தொடுப்பவர் பொதுவாகப் பதிப்புரிமை உடையவராக இருக்க வேண்டும். மற்றவர்கள் தாம் கண்டதை அவருக்குத் தெரிவிக்கலாம். தம் பங்களிப்புகளை எவர் எப்போது எழுதினார் என்னும் வரலாற்றுடன் பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பில் வைத்திருப்பது, ஹெல்விக் வழக்கு காட்டுவதுபோல், பின்னர் பயன்படும்.

முதல் மடலைத் தனிப்பட அனுப்புவதே நல்லது. பகிரங்கக் குற்றச்சாட்டு எழுந்தவுடன் பேச்சு பொறியாளர்களிடமிருந்து வழக்கறிஞர்களிடம் போய்விடுகிறது. மென்பொருள் சுதந்திரக் காப்பகமும் அறக்கட்டளையும் 2015 இல் வெளியிட்ட நெறிமுறைகளும் வழக்கைக் கடைசி வழியாகவே கருதுகின்றன. பணத்தைவிட உரிமத்துக்கு இணங்க வைப்பதையே முதன்மைப்படுத்துகின்றன. 3ஆம் பதிப்பின்படி, முதன்முறை மீறியவர் அறிவிப்புக் கிடைத்த 30 நாட்களுக்குள் திருத்திக்கொண்டால் உரிமம் மீள்கிறது. லினக்ஸ் கருனியின் பல நிரலாளர்கள் இச்சலுகையைத் தம் நிரலுக்கும் அளிப்பதாக 2017 இல் அறிவித்தனர்.

பதிப்புரிமை இல்லாத வாங்குநர் வழக்காடலாமா என்ற கேள்வியை, அதே காப்பகம் 2021 இல் விசியோ தொலைக்காட்சி நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு எழுப்பியது. உரிமத்தை ஓர் ஒப்பந்தமாகக் கொண்டு, அதன் பயனைப் பெறவேண்டியவர் என்ற நிலையில் மூலநிரலைக் கேட்டது காப்பகம். இது பதிப்புரிமைச் சட்டத்துக்கு மட்டுமே உட்பட்டது என்று விசியோ வாதிட்டது. 2022 இல் கூட்டரசு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்காமல், வழக்கைக் கலிபோர்னியா மாநில நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.